கன்சோலில் கிடைக்கிற எலிமெண்ட் செலினியத்துக்கு ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி இதுதான். ஒரு விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் "தொடர்க" என்று ஒரு பட்டன் இருக்கிறது. குரோமில் எஃப்12 அழுத்தி, எலிமெண்ட்ஸ் பகுதியில் கண்ட்ரோல்-எஃப் போட்டு எக்ஸ்பாத்தை (பக்கத்தில் ஒரு எலிமெண்ட் எங்கே என்று குறிக்கும் வரி) தேடினால் ஒன்று கிடைத்தது என்று காட்டுகிறது. அதையே ஜாவா கோடில் வைத்து, பிரௌசரைத் தானாக இயக்கி டெஸ்ட் செய்யும் கருவியான செலினியத்தில் ஓட்டினால் "நோ சச் எலிமெண்ட்" வருகிறது. சொந்த மெஷினில் சில தடவை ஓடுகிறது, ஜென்கின்ஸில் (சர்வரில் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் கருவி) ஒரு தடவைகூட ஓடவில்லை. எக்ஸ்பாத் தப்பா, செலினியம் தப்பா? எழுதியிருக்கும் எக்ஸ்பாத்:

//பட்டன்[டெக்ஸ்ட்()='தொடர்க']

(எக்ஸ்பாத்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். உங்கள் கோடில் டேக் பெயரும் ஃபங்ஷன் பெயரும் எப்போதும் போலவே இருக்கட்டும்.)

முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும். செலினியம் எக்ஸ்பாத்தைத் தானே படித்து எலிமெண்ட்டைத் தேடுவதில்லை. குரோமை இயக்கும் இடைநிலை நிரலான குரோம்டிரைவர் வழியாக அதை அப்படியே பிரௌசரிடம் கொடுக்கிறது. பிரௌசர் தன் எஞ்சினில் ஓட்டிப் பார்த்து விடையைத் திருப்பித் தருகிறது. கன்சோலில் (எஃப்12 அழுத்தினால் வரும் கட்டளை அடிக்கும் பகுதி) நீங்கள் கையால் ஓட்டினாலும் அதே எஞ்சின்தான் ஓடுகிறது. அதனால் எக்ஸ்பாத்தின் எழுத்துகள் ஒன்றே, தேடுகிற டாக்குமெண்ட் ஒன்றே, தேடுகிற நேரத்தில் பக்கம் இருந்த நிலை ஒன்றே என்றால், விடை மாற வழியில்லை. உங்களுக்கு மாறுகிறது. அப்படியானால் இந்த மூன்றில் ஏதோ ஒன்று வேறாக இருக்கிறது. எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எக்ஸ்பாத்தை இருபது விதமாக மாற்றி எழுதிப் பார்ப்பது அந்த வேலை ஆகாது. நானும் ஆரம்பத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இருபத்தோராவது விதம் தற்செயலாக ஓடிவிட்டால் காரணம் தெரியாமலேயே போய்விடும், அடுத்த வாரம் அதே பிரச்சினை திரும்ப வரும்.

எர்ரர் பெயரை நிதானமாகப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். "இன்வேலிட் செலக்டர்" என்றால் எக்ஸ்பாத்தின் இலக்கணமே பிழை, பிரௌசரால் அதைப் படிக்கவே முடியவில்லை. அடைப்புக்குறியையும் மேற்கோள்குறியையும் எண்ணுங்கள். "நோ சச் எலிமெண்ட்" என்றால் இலக்கணம் சரி, தேடிய இடத்தில் தேடிய நேரத்தில் எதுவும் இல்லை. "எலிமெண்ட் நாட் இன்டராக்டபிள்", "கிளிக் இன்டர்செப்டட்" இரண்டும் வந்தால் எலிமெண்ட் கிடைத்துவிட்டது, கிளிக் செய்ய முடியவில்லை. மேலே ஒரு பாப்-அப்போ குக்கி அறிவிப்போ மறைத்துக்கொண்டிருக்கலாம், அல்லது உங்கள் எக்ஸ்பாத் மறைந்திருக்கிற இன்னொரு பட்டனைப் பிடித்திருக்கலாம். "ஸ்டேல் எலிமெண்ட்" என்றால் முன்பு பிடித்துவைத்த எலிமெண்ட்டைப் பக்கம் தூக்கி எறிந்துவிட்டு, அதே மாதிரி புதிதாக ஒன்றை வைத்திருக்கிறது. மறுபடி தேடி எடுத்தால் போதும். உங்களுடையது இரண்டாவது வகை.

இப்போது டாக்குமெண்ட். கண்ட்ரோல்-எஃப் தேடலை முழுதாக நம்ப வேண்டாம். எலிமெண்ட்ஸ் பகுதியில் நடக்கிற அந்தத் தேடல் மேல்பக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை, பக்கத்துக்குள் இருக்கும் ஐஃப்ரேம்களுக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு "ஒன்று இருக்கிறது" என்று சொல்லும். செலினியம் டிரைவரோ எந்த டாக்குமெண்ட்டில் நிற்கிறதோ அதற்குள் மட்டும்தான் தேடும். பக்கத்துக்குள் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்தால் அதன் வாசலைக்கூடத் தாண்டாது. "பிரௌசரில் கிடைக்கிறது, டெஸ்டில் கிடைக்கவில்லை" என்று என்னிடம் வருகிற புகார்களில் நிறைய இந்த ஒரே காரணத்தில் முடிந்திருக்கின்றன. பணம் கட்டும் படிவம், வரைபடம், டைப் செய்யும் எடிட்டர், அரட்டைப் பெட்டி எல்லாம் பெரும்பாலும் ஐஃப்ரேமுக்குள்தான் இருக்கும்.

அதனால் கன்சோலுக்குப் போங்கள். அதன் மேல்பகுதியில் எந்த ஃப்ரேமில் நிற்கிறீர்கள் என்று காட்டும் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். அது "டாப்" என்று இருப்பதை உறுதிசெய்துகொண்டு இப்படிக் கொடுங்கள்:

$எக்ஸ்("//பட்டன்[டெக்ஸ்ட்()='தொடர்க']")

இது வெறும் பட்டியலாக, உள்ளே எதுவும் இல்லாமல் வந்தால், கண்ட்ரோல்-எஃப் காட்டியது வேறு டாக்குமெண்ட்டில் இருப்பதை என்று தெரிந்துவிடும். எலிமெண்ட்ஸ் பகுதியில் அந்தப் பட்டனிலிருந்து மேல்நோக்கி ஏறிப் போங்கள். நடுவில் ஐஃப்ரேம் டேக் கண்ணில் படும். கோடில் முதலில் அந்த ஃப்ரேமுக்கு ஸ்விட்ச் செய்துவிட்டுத்தான் தேட வேண்டும். வேலை முடிந்ததும் "டீஃபால்ட் கன்டென்ட்"டுக்குத் திரும்ப மறக்காதீர்கள். உள்ளே போன டிரைவர் தானாக வெளியே வராது. அடுத்த ஸ்டெப்பில் மேல்பக்கத்தில் இருக்கும் மெனுவைத் தேடி அங்கே ஒரு "நோ சச் எலிமெண்ட்" வரும், நீங்கள் மெனுவின் எக்ஸ்பாத்தைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். புது டேப் திறக்கிற லிங்க்குக்கும் இதே கதைதான். உங்கள் கண் புது டேபைப் பார்க்கும், டிரைவர் பழைய டேபிலேயே நிற்கும்.

ஷேடோ டாம், அதாவது ஒரு எலிமெண்ட்டுக்குள் மற்ற பக்கத்திலிருந்து ஒதுக்கி வைத்த தனி அமைப்பு, இதன் பக்கத்து வீடு. எலிமெண்ட்ஸ் பகுதியில் "ஷேடோ-ரூட்" என்று ஒரு வரி தெரிந்தால், அதற்குக் கீழே இருப்பவற்றை மேலிருந்து எந்த எக்ஸ்பாத்தாலும் தொட முடியாது. செலினியம் 4-இல் அந்த எலிமெண்ட்டின் ஷேடோ ரூட்டை எடுத்து, அதற்குள் சிஎஸ்எஸ் செலக்டரால் தேட வேண்டும். எக்ஸ்பாத்தை அங்கே விட்டுவிடுங்கள்.

அடுத்தது நேரம். "சில தடவை ஓடுகிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். நாம் எஃப்12 அழுத்தி, பகுதியைத் திறந்து, எக்ஸ்பாத்தை ஒட்டி, என்டர் தட்டுவதற்குள் பத்து நொடி போய்விடும். அதற்குள் சர்வரிலிருந்து தகவல் வந்து, ஸ்கிரிப்ட் ஓடி, பட்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். டெஸ்ட் அப்படிக் காத்திருப்பதில்லை. செலினியத்தில் இம்ப்ளிசிட் வெயிட் (எல்லாத் தேடலுக்கும் பொதுவாக வைக்கும் காத்திருப்பு நேரம்) நாம் வைக்காவிட்டால் பூஜ்யம். ஒரே ஒரு முறை பார்க்கும், இல்லையென்றால் அந்த நொடியே எர்ரர்.

இதற்கு மருந்து எக்ஸ்ப்ளிசிட் வெயிட். "இந்த எலிமெண்ட் கிளிக் செய்யத் தக்கதாக ஆகும்வரை 10 நொடி பார்" என்று சொன்னால், அது அரை நொடிக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருக்கும், கிடைத்த உடனே நகரும். த்ரெட் ஸ்லீப் போட்டு ஐந்து நொடி தூங்க வைப்பதை நான் என் டீமில் அனுமதிப்பதில்லை. நெட்வொர்க் மெதுவாக இருக்கும் நாளில் ஐந்து போதாது, நன்றாக இருக்கும் நாளில் ஐந்தும் வீண். இம்ப்ளிசிட், எக்ஸ்ப்ளிசிட் இரண்டையும் சேர்த்து வைப்பதும் வேண்டாம். செலினியத்தின் ஆவணமே இதை எச்சரிக்கிறது: 10 நொடி இம்ப்ளிசிட்டும் 15 நொடி எக்ஸ்ப்ளிசிட்டும் சேர்ந்தால் 20 நொடி கழித்துத்தான் டைம்அவுட் ஆகலாம் என்று அதில் உதாரணமே இருக்கிறது.

காரணம் நேரம்தானா என்று உறுதிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. எர்ரர் வருகிற இடத்தில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து டிபக் முறையில் ஓட்டுங்கள். நின்றதும் அரை நிமிடம் சும்மா இருந்துவிட்டு, அதே தேடலை மறுபடி ஓட்டுங்கள். இப்போது கிடைத்தால் நேரம்தான் காரணம். அரை நிமிடம் கழித்தும் கிடைக்கவில்லை என்றால், எத்தனை வெயிட் போட்டும் பிரயோஜனம் இல்லை, வேறு இடத்தில் தேட வேண்டும்.

இப்போது எழுத்து. இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பக்கங்களை டெஸ்ட் செய்கிறவர்களுக்கென்றே சில தனிச் சிக்கல்கள் இருக்கின்றன, அவற்றை யாரும் எழுதிவைத்து நான் பார்த்தது குறைவு.

சில வருடங்களுக்கு முன் ஒரு தமிழ்ப் பக்கத்தில் இதே "தொடர்க" பட்டனோடு ஒன்றரை நாள் போராடினேன். ஐஃப்ரேம் இல்லை, நேரம் பிரச்சினை இல்லை. பக்கத்திலிருந்து அந்தச் சொல்லை நகலெடுத்து ஒட்டினால் கிடைக்கிறது. நானே கீபோர்டில் அடித்தால் கிடைப்பதில்லை. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகத் தெரிகின்றன. கடைசியில் கன்சோலில் இரண்டின் நீளத்தையும் எடுத்துப் பார்த்தேன். நான் அடித்தது 6, பக்கத்தில் இருந்தது 7.

காரணம் "தொ". யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். த-வுக்குப் பிறகு "ொ" என்ற ஒரே குறி போடலாம். இல்லையென்றால் த-வுக்குப் பிறகு ஒற்றைக்கொம்பு "ெ" தனியாக, அப்புறம் கால் "ா" தனியாகப் போடலாம். முதலாவதில் த, ொ, ட, ர, புள்ளி, க என்று ஆறு. இரண்டாவதில் கொம்பும் காலும் பிரிந்து ஏழு. யூனிகோடின் விதிப்படி இரண்டும் சமம், எழுத்துருவும் இரண்டையும் ஒரே மாதிரி வரைகிறது. ஆனால் எக்ஸ்பாத் குறியெண்ணுக்குக் குறியெண் ஒப்பிடும், அதற்கு இந்தச் சமம் தெரியாது. கோ, போ போன்ற ஓகாரத்திலும், கௌ, மௌ போன்ற ஔகாரத்திலும் இதே சிக்கல் வரும். ஔகாரத்தில் இன்னொன்றும் உண்டு: கொம்புக்குப் பிறகு "ள" எழுத்தையே அடித்துவிடுவார்கள். பார்வைக்கு ஔகாரம், உள்ளே கொம்பும் ளகரமும். இதை யூனிகோடுகூடச் சமமாக எடுத்துக்கொள்ளாது, அது எழுத்துப் பிழைதான்.

இது எப்படி வருகிறது என்றால், பழைய எழுத்துருக் குறியீட்டில் இருந்த வாசகங்களை யூனிகோடுக்கு மாற்றும்போது சில மாற்றிகள் கொம்பையும் காலையும் பிரித்தே போட்டுவிடுகின்றன. அந்தப் பக்கத்திலும் அதுதான் நடந்திருந்தது. எக்ஸ்பாத் 2.0-இல் இதைச் சரிசெய்ய ஒரு ஃபங்ஷன் உண்டு, ஆனால் பிரௌசரில் அது இல்லை. அதனால் நான் டெவலப்பரிடம் போய் வாசகங்கள் எல்லாவற்றையும் சேமிக்கும் இடத்திலேயே என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றச் சொன்னேன். ஜாவாஸ்கிரிப்டில் "நார்மலைஸ்" என்று ஒரே வரி வேலை. இதை டெஸ்டில் ஒட்டுப்போட்டு மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பக்கத்தில் தேடல் பெட்டி இருந்தால், "தொடர்க" என்று அடித்துத் தேடுகிற வாசகருக்கும் அது கிடைக்காமல் போகலாம். டெஸ்ட் விழுந்தது ஒரு நிஜக் குறையைக் காட்டிக்கொடுத்தது, அதைச் சரிசெய்ய வேண்டியது பக்கத்தில்தான்.

ஜாவாவில் எழுதுவதால் இன்னொன்றையும் பாருங்கள். விண்டோஸில், ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகளில், கம்பைலர் உங்கள் கோப்பை யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாது, விண்டோஸின் சொந்தக் குறியீட்டில் படிக்கும். எடிட்டரில் "தொடர்க" என்று அழகாகத் தெரிந்தாலும், கம்பைல் ஆன பிறகு உள்ளே இருப்பது குப்பை. மேவன் (ஜாவா கோடைக் கட்டும் கருவி) கோப்பில் சோர்ஸ் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. எர்ரர் செய்தியில் உங்கள் எக்ஸ்பாத் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே தமிழ் சிதைந்து கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கன்சோல்கூடச் சில சமயம் தமிழைச் சரியாகக் காட்டாது என்பதால், சொல்லின் நீளத்தையும் அச்சிட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சரி, எழுத்து ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் "டெக்ஸ்ட்()" ஏமாற்றும். ஒரு பட்டன் பக்கத்தில் இப்படி எழுதப்பட்டிருக்கலாம்: பட்டன் டேக் திறக்கிறது, அடுத்த வரியில் அம்புக்குறி ஐகானுக்கு ஒரு ஸ்பேன், அதற்கு அடுத்த வரியில் நாலு இடைவெளி விட்டு "தொடர்க", அப்புறம் பட்டன் மூடுகிறது. நம் கண்ணுக்கு அதில் இருப்பது ஒரு சொல். எக்ஸ்பாத்தின் கண்ணுக்கு அந்தப் பட்டனுக்கு நேர்க்கீழே இரண்டு டெக்ஸ்ட் துண்டுகள் இருக்கின்றன. ஸ்பேனுக்கு முன்னால் வெறும் வரிமுறிவும் இடைவெளியும் கொண்ட ஒரு துண்டு, ஸ்பேனுக்குப் பின்னால் முன்னும் பின்னும் இடைவெளியோடு "தொடர்க" உள்ள ஒரு துண்டு.

டெக்ஸ்ட்()='தொடர்க' என்று கேட்டால், இரண்டில் ஏதாவது ஒன்று மிகச்சரியாக அந்தச் சொல்லாக இருக்கிறதா என்று பார்க்கும். இடைவெளி ஒட்டிக்கொண்டிருப்பதால் இரண்டும் இல்லை. உடனே நாம் கன்டெயின்ஸ்(டெக்ஸ்ட்(), 'தொடர்க') என்று மாற்றுவோம், இதிலாவது கிடைக்கும் என்று. கிடைக்காது. கன்டெயின்ஸ் ஃபங்ஷனுக்குள் பல துண்டுகளைக் கொடுத்தால் எக்ஸ்பாத் 1.0 முதல் துண்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும், முதல் துண்டோ வெறும் இடைவெளி. நான் பார்த்த வரை பல வருட அனுபவம் உள்ளவர்களும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ஐகான் இல்லாத பட்டனில் இதே எக்ஸ்பாத் நன்றாக ஓடும்.

சரியான வடிவம் இது:

//பட்டன்[நார்மலைஸ்-ஸ்பேஸ்(.)='தொடர்க']

புள்ளி என்றால் அந்த எலிமெண்ட்டுக்குள் எத்தனை ஆழத்தில் இருந்தாலும் எல்லா எழுத்தும் சேர்ந்தது. நார்மலைஸ்-ஸ்பேஸ் முன்பின் இடைவெளியை நீக்கி, நடுவில் இருக்கும் பல இடைவெளிகளை ஒன்றாக்கும். புள்ளி போடும்போது முன்னால் டேக் பெயரை எழுதுங்கள். பட்டன் என்று எழுதாமல் நட்சத்திரக்குறி போட்டுக் கன்டெயின்ஸ்(., 'தொடர்க') என்று கேட்டால், அந்தச் சொல்லை வயிற்றுக்குள் வைத்திருக்கும் எல்லாமே பொருந்தும். பக்கத்தின் ஹெச்டிஎம்எல் டேகில் தொடங்கி, பாடி, டிவ் என்று வரிசையாக வரும், செலினியம் முதலாவதை எடுத்துக்கொள்ளும். "கிடைத்தது, கிளிக்கும் ஆனது, ஆனால் எதுவும் நடக்கவில்லை" என்று புகார் வந்தால் நான் முதலில் கேட்பது நட்சத்திரக்குறி போட்டிருக்கிறாயா என்றுதான்.

இன்னும் தீரவில்லை என்றால் உடையா இடைவெளியைச் சந்தேகப்படுங்கள். ஹெச்டிஎம்எல்லில் அதற்கென்று ஒரு குறி உண்டு, பார்வைக்குச் சாதாரண இடைவெளி மாதிரியே இருக்கும். நார்மலைஸ்-ஸ்பேஸ் சாதாரண இடைவெளி, டேப், வரிமுறிவு இவற்றை மட்டுமே தொடும், இதைத் தொடாது. டிரான்ஸ்லேட் ஃபங்ஷனால் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டு ஒப்பிடலாம். ஆங்கிலப் பக்கமாக இருந்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். திரையில் எல்லாம் பெரிய எழுத்தில் தெரியும், அது சிஎஸ்எஸ் செய்த அலங்காரம். டாமில் (பிரௌசர் உள்ளே வைத்திருக்கும் பக்கத்தின் அமைப்பு) சின்ன எழுத்தில் இருக்கும். எக்ஸ்பாத் டாமைப் பார்க்கிறது. செலினியத்தின் கெட்-டெக்ஸ்ட்டும் லிங்க் டெக்ஸ்ட்டும் திரையில் தெரிவதைப் பார்க்கின்றன. கெட்-டெக்ஸ்ட் கொடுத்ததை எக்ஸ்பாத்தில் ஒட்டினால் கிடைக்காமல் போவது இதனால்தான்.

ஜென்கின்ஸில் ஒரு தடவைகூட ஓடவில்லை என்றீர்கள். அங்கே எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, மொழி. பக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்து, பிரௌசரின் மொழி விருப்பத்தைப் பார்த்து எதைக் காட்டுவது என்று முடிவுசெய்கிறதானால், சர்வரில் இருக்கும் குரோம் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலம் என்றுதான் சொல்லும். அங்கே "தொடர்க" என்ற சொல்லே பக்கத்தில் இருக்காது. குரோம் ஆப்ஷன்ஸில் மொழியை நீங்களே வைத்துவிடுங்கள். இரண்டு, ஜன்னல் அளவு. ஹெட்லெஸ் முறையில் (திரையில் ஜன்னல் காட்டாமல் ஓடுவது) அளவு சொல்லாவிட்டால் சின்னதாகத் திறக்கும், பல பதிப்புகளில் 800×600. அந்த அகலத்தில் சில பக்கங்கள் மொபைல் வடிவத்துக்கு மாறி மெனுவையும் பட்டனையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும். 1920×1080 என்று கோடிலேயே எழுதிவிடுவது என் பழக்கம். எப்படியானாலும் டெஸ்ட் விழும் நொடியில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும், பேஜ் சோர்ஸ் முழுவதும் கோப்பாகவும் சேமிக்க ஏற்பாடு செய்யுங்கள். ஜென்கின்ஸில் என்ன நடந்தது என்று ஊகிப்பதைவிட அதைத் திறந்து பார்ப்பது மேல்.

இனி, உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்படாத ஆனால் அடுத்து நீங்கள் மோதப்போகும் சில இடங்கள். பிரௌசர்களில் இருப்பது எக்ஸ்பாத் 1.0, அது 1999 நவம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்டது. 2.0 வந்தது 2007-இல், ஆனால் பிரௌசர்கள் அதற்கு மாறவே இல்லை. இணையத்தில் இருக்கும் எக்ஸ்பாத் சோதனைப் பக்கங்கள் சில புதிய பதிப்பை ஏற்றுக்கொள்ளும். அங்கே எண்ட்ஸ்-வித், மேட்சஸ், லோயர்-கேஸ் எல்லாம் ஓடும், பிரௌசரில் "இன்வேலிட் செலக்டர்" வரும். ஸ்டார்ட்ஸ்-வித் மட்டும் 1.0-இலேயே உண்டு. அதனால் சோதிப்பதை எப்போதும் பிரௌசர் கன்சோலிலேயே சோதியுங்கள்.

எண் போடுவதில் ஒரு பொறி. //எல்ஐ[2] என்றால் பக்கத்தின் இரண்டாவது எல்ஐ என்று எல்லோரும் நினைக்கிறோம். அது "தன் தாயின் எல்ஐ பிள்ளைகளில் இரண்டாவதாக இருக்கும் ஒவ்வொரு எல்ஐ-யும்" என்று பொருள். ஐந்து பட்டியல் இருந்தால் ஐந்து விடை வரும். பக்கம் முழுவதிலும் இரண்டாவது வேண்டுமென்றால் (//எல்ஐ)[2] என்று அடைப்புக்குறி போட வேண்டும். எண் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, ஒன்றில் தொடங்குகிறது.

ஒரு டேபிள் வரியைப் பிடித்துவைத்துக்கொண்டு, அதற்குள் பட்டனைத் தேடுகிறோம் என்று நினைத்து "//பட்டன்" என்று எழுதுவது அடுத்தது. இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கினால் எங்கிருந்து கூப்பிட்டாலும் டாக்குமெண்ட்டின் உச்சியிலிருந்து தேடும். எந்த வரியைக் கொடுத்தாலும் முதல் வரியின் பட்டனே கிளிக் ஆகிக்கொண்டிருக்கும். எர்ரரே வராததால் இது ஆபத்தானது; மூன்றாவது ஆளை அழிக்கச் சொன்ன டெஸ்ட் முதல் ஆளை அழித்துவிட்டு "பாஸ்" என்று போய்விடும். முன்னால் ஒரு புள்ளி வையுங்கள்: .//பட்டன்.

இன்புட் பெட்டியில் நாம் டைப் செய்த எழுத்தை @வேல்யூ வைத்துத் தேடினால் கிடைக்காது, அந்த அட்ரிபியூட்டில் இருப்பது பக்கம் வந்தபோது இருந்த மதிப்பு. எஸ்விஜி ஐகானை //எஸ்விஜி என்று தேடினால் கிடைக்காது, அது வேறு நேம்ஸ்பேஸில் இருக்கிறது; நட்சத்திரக்குறி போட்டு லோக்கல்-நேம்()='எஸ்விஜி' என்று கேட்க வேண்டும். @கிளாஸ்!='மறை' என்று எழுதினால் கிளாஸே இல்லாத எலிமெண்ட்கள் விட்டுப்போகும், நாட்(@கிளாஸ்='மறை') என்று எழுதினால் அவையும் வரும்.

நீளமான எக்ஸ்பாத் எங்கே உடைகிறது என்று தெரியவில்லை என்றால் இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் எத்தனை கிடைக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். பட்டியலில் மதுரை என்ற ஊர் இருக்கும் வரியின் திருத்து பட்டன் வேண்டும்:

//டேபிள்[@ஐடி='ஊர்கள்']/டிஆர்[டிடி[2]='மதுரை']//பட்டன்

விடை பூஜ்யம். முதலில் //டேபிள்[@ஐடி='ஊர்கள்'] மட்டும்: ஒன்று. அடுத்து /டிஆர் சேர்த்து: பூஜ்யம். ஆக உடைந்த இடம் அதுதான், மதுரையிலோ பட்டனிலோ இல்லை. டெவலப்பர் கோப்பில் டேபிளுக்கு நேர்க்கீழே டிஆர் எழுதியிருந்தாலும், பிரௌசர் நடுவில் ஒரு டிபாடியைத் தானே செருகிவிடும். /டிஆர்-ஐ //டிஆர் என்று மாற்றியதும்: 38. டிடி[2]='மதுரை' சேர்த்து: மறுபடி பூஜ்யம். ஊர்ப் பெயரைச் சுற்றி இடைவெளி. நார்மலைஸ்-ஸ்பேஸ்(டிடி[2])='மதுரை' என்று மாற்றியதும்: ஒன்று. பட்டனோடு சேர்த்து: ஒன்று. நாலு நிமிட வேலை. முழு எக்ஸ்பாத்தையும் வைத்துக்கொண்டு யோசித்திருந்தால் இரண்டு வேறு பிழைகள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நம்மைச் சுற்றவிட்டிருக்கும்.

எழுதும் விதத்தைப் பற்றி ஒன்று மட்டும். டெவ்டூல்ஸில் வலது கிளிக் செய்து "காப்பி ஃபுல் எக்ஸ்பாத்" எடுத்து, டிவ்[3]/டிவ்[2]/டிவ்[7] என்று கோடில் ஒட்டாதீர்கள். மேலே ஒரு அறிவிப்புப் பட்டை சேர்ந்தாலே எண்கள் நகர்ந்துவிடும். தானாக உருவாகும் ஐடியும் அப்படியே. ரியாக்ட் 18 தருகிற :ஆர்1: போன்ற ஐடிகள் பக்கத்தில் ஒரு காம்பொனென்ட் கூடினாலே மாறக்கூடும். டெவலப்பரிடம் டேட்டா-டெஸ்ட்ஐடி என்று ஒரு அட்ரிபியூட் கேளுங்கள். தயங்க வேண்டாம், அவர்களுக்கு அது ஒரு வரி. தமிழ்ப் பக்கத்துக்கு இது இரட்டிப்பாகத் தேவை, மொழி மாறினாலும் கொம்பு பிரிந்தாலும் அது அசையாது. பட்டனில் சரியான சொல் இருக்கிறதா என்பதைத் தனி டெஸ்டாக வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "டாப்" ஃப்ரேமில் $எக்ஸ் ஓட்டிப் பாருங்கள். பூஜ்யம் வந்தால் ஐஃப்ரேம். ஒன்று வந்தால், நேரத்துக்காகப் பிரேக்பாயிண்ட் சோதனை. அதிலும் கிடைக்கவில்லை என்றால், எர்ரர் செய்தியில் அச்சான தமிழையும் அந்தச் சொல்லின் நீளத்தையும் பாருங்கள். உள்ளூரில் சில தடவை ஓடுவதால் என்கோடிங்காகவோ பிரிந்த கொம்பாகவோ இருக்க வாய்ப்பு குறைவு, அவை இருந்தால் எப்போதுமே விழும். என் கணிப்பு: உள்ளூரில் நேரம், ஜென்கின்ஸில் மொழி அல்லது ஜன்னல் அளவு, இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. ஜென்கின்ஸில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும், பேஜ் சோர்ஸில் பட்டன் இருக்கும் பத்து வரியையும் இங்கே போடுங்கள், மீதியைச் சேர்ந்து பார்க்கலாம்.